தோணி நாளைக்குத்தான், மாமா

சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும். அந்தப் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்துப் பட்டன்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். டார்ச் லைட்டைத் தேடுவார். வாசற்படியில் வந்து நின்று, ‘‘தோணி கெளம்பிரும். பொறவு யாரு பதில் சொல்லுதது?’’ என்பார்.

தூத்துக்குடியில் பனிமய மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. பெரியவர் என் நண்பரின் அப்பா. தண்டலாக இருந்தவர். தோணியின் கேப்டனுக்கு அங்கே தண்டல் என்று பெயர். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் காய்கறியும் கட்டட சாமானும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் மரத்தோணி கொண்டுபோனவர். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தோணியை விட்டு இறங்கியே இருபது வருடம் இருக்கும். அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் நோய்.

வாசலில் நின்று மருமகளைக் கூப்பிடுவார்.

‘‘ஏ தாயி, காத்து என்ன காத்து?’’

‘‘கச்சான், மாமா. வலுத்து அடிக்குது. இன்னைக்கு எடுக்க மாட்டாங்க. தோணி நாளைக்குத்தான், மாமா.’’

பெரியவர் வானத்தை ஒரு தரம் பார்ப்பார். ‘‘ஆமா, சரக்கு நனைஞ்சிரும்’’ என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றுவார். அன்றைய பிரச்னை முடிந்தது.

அந்தப் பெண் சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் கடலைப் பார்த்ததே மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போனபோதுதானாம். வாடை எது, கொண்டல் எது, சோழகம் எது, கச்சான் எது என்று சொல்லிக் கொடுத்ததே மாமனார்தான். அவர் கொடுத்த பாடத்தை வைத்தே அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஏமாற்றி என்ற சொல் என்னுடையது இல்லை. நண்பருடையது.

‘‘நாப்பது வருஷம் கடல்ல கெடந்த மனுஷன். ஒரு மூட்டை குறைஞ்சதில்ல, ஒரு பைசா பிசகினதில்ல. அவருகிட்ட தெனமும் பொய் சொல்லி உள்ள கூட்டிட்டு வாறதா? அவரு என்ன தொட்டில் புள்ளையா? நீயே சொல்லுல’’ என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

நண்பர் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறார். கஸ்டம்ஸ் பேப்பரில் ஒரு எழுத்து மாறினால் கன்டெய்னர் நகராது என்ற உலகத்தில் வாழ்கிறவர். அவர் வீட்டில் இருக்கும் நாளில் நடப்பதே வேறு. அப்பாவை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, உள்ளது உள்ளபடி சொல்வார். தோணி இல்லைப்பா, அதை வித்தாச்சு, உங்களுக்கு இப்ப எண்பத்திரண்டு வயசு. இதுவரை பரவாயில்லை. பெரியவர் நம்பாமல் சிரித்துக்கொள்வார். அடுத்த கேள்விதான் கத்தி.

‘‘அப்ப ஒங்கம்மா எங்கல?’’

‘‘அம்மா செத்து ஆறு வருஷமாச்சுப்பா.’’

நான் அந்தச் சமயத்தில் அங்கே இருந்தேன். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவள் செத்துவிட்டாள் என்பதை ஒரு மனிதர் முதல் தடவையாகக் கேட்கிறார். ‘‘எப்ப? எனக்கு ஏன் சொல்லல? அடக்கத்துக்கு நான் வந்தேனா?’’ என்று கேட்டார். வந்தீங்கப்பா, நீங்கதான் மொதல்ல மண்ணு போட்டீங்க என்றார் மகன். பெரியவர் வாய்விட்டு அழுதார். அரைமணி நேரத்தில் எதற்கு அழுதோம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. ஆனால், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தவர் ராத்திரி இட்லியைத் தொடவில்லை.

மறுநாள் மறுபடியும், ‘‘ஒங்கம்மா எங்கல?’’

அதாவது, உண்மை பேசுகிற மகன் தன் தாயைத் தகப்பனுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சாகடித்துக்கொண்டிருக்கிறார். பொய் பேசுகிற மருமகள் அந்த மாமியாரை இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருக்கிறார். யார் செய்வது சரி?

வீட்டில் இப்படி ஒரு முதியவர் இருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதில்லை. நம் ஊரில் இதை ‘வயசான கோளாறு’ என்று ஒதுக்கிவிடுவோம். நெல்லைச் சீமையில் ‘ஓர்மை இல்ல’ என்பார்கள். பெரியவரின் தோணி போய்ச் சேருகிற அக்கரையில், இலங்கைத் தமிழில், ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் டிமென்ஷியா என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘மனம் விலகிய நிலை’ என்று பொருள். எனக்கென்னவோ ‘ஓர்மை இல்ல’தான் பிடித்திருக்கிறது. ஓர்மை இல்லை, அவ்வளவுதான். மனிதர் இருக்கிறார்.

1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு ஐம்பத்தோரு வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அகுஸ்ட டேட்டர் என்று பெயர். அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் பேர் கேட்டார். அகுஸ்ட என்றாள். குடும்பப் பேர் கேட்டார். அதற்கும் அகுஸ்ட. புருஷன் பேர் கேட்டார். அதற்கும் அதேதான். 1906-ல் அவள் இறந்த பிறகு அவளுடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் படிந்திருந்த படிவுகளையும் முறுக்கிக்கொண்ட இழைகளையும் அல்சைமர் விவரித்தார். 1910 முதல் அந்த நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓர்மை தவறுவதற்கு இது ஒரு காரணம்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டும் வரும். பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டும் வரும்.

2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக, அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வெளியே விடமாட்டார்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறதி எல்லாமே தீராத மறதி இல்லை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளைக்கு வெளியே கட்டிய ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாமல் முதலில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவரையும் காட்டினார்கள். அவருடையது திரும்பி வராத வகை. மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், போனதைத் திருப்பித் தராது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, பொய்க்கு வருவோம்.

அரிச்சந்திரனைக் கும்பிடுகிற ஊர் இது. ஆனாலும், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் அந்த ஜன்னலையும் சாத்தியவர். கொலைகாரன் துரத்தி வந்து, உன் வீட்டில் ஒளிந்திருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் கட்டுரையே எழுதினார். என் நண்பர் கான்ட்டைப் படித்தவரில்லை. ஆனால், அந்தக் கட்சி. மருமகள் வள்ளுவர் கட்சி.

மருத்துவ உலகமும் முதலில் கான்ட் கட்சியில்தான் இருந்தது. மேல்நாட்டு முதியோர் இல்லங்களில் நிஜத்தைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதை ஒரு சிகிச்சையாகவே செய்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் தேதி, கிழமை, ஊர். யாராவது அம்மாவைக் கேட்டால், உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்று பதில். தேதி, கிழமை சொல்வதில் தவறில்லை. சாவுச் செய்தியைத் தினசரி வாசித்ததில்தான் கோளாறு. பிறகு மெல்ல மெல்ல எதிர்த் திசைக்கு வந்தார்கள். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் பஸ் ஸ்டாப் வைத்தார்கள். போர்டு உண்டு, பெஞ்ச் உண்டு, பஸ் மட்டும் வராது. ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வெளியே ஓடுகிறவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் தவிப்பு அடங்கும். நர்ஸ் வந்து, பஸ் லேட்டாகும் போல, காபி சாப்பிடலாமா என்று கூட்டிப்போவார்.

தோணி நாளைக்குத்தான், மாமா. அதேதான். டுசல்டார்ஃபுக்குப் போகாமலே ஒரு சாத்தான்குளத்துப் பெண் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-ல் ஒரு கிராமத்தையே இவர்களுக்காகக் கட்டினார்கள். ஹோகவேய்க் என்று பெயர். கடை, தியேட்டர், காபி கிளப் எல்லாம் உண்டு. அங்கே வசிப்பவர்கள் இஷ்டம்போல நடமாடலாம். கடையில் நிற்கிறவரும் பராமரிப்பாளர்தான். சொர்க்கம் என்று பாராட்டியவர்கள் உண்டு. ஒரு முழு ஊரே பொய்யா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

என்னை யோசிக்கவைத்தது வேறு ஒன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2010-ல் ஒரு சோதனை செய்தார்கள். மூளை பாதிக்கப்பட்டுப் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத சிலருக்கு முதலில் சோகமான சினிமாக் காட்சிகளைக் காட்டினார்கள். பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. ஆனால், சோகம் போகவில்லை. சந்தோஷக் காட்சிகளைக் காட்டினால் சந்தோஷமும் அப்படியே தங்கியது. 2014-ல் அல்சைமர் நோயாளிகளை வைத்துச் செய்தபோதும் இதே கதைதான். செய்தி அழிந்துவிடுகிறது, செய்தி கொண்டுவந்த உணர்ச்சி அழியவில்லை.

இதைப் படித்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியவரின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. மனைவி செத்தது மறந்துவிட்டது. துக்கம் மறக்கவில்லை. காரணம் இல்லாத துக்கம் இன்னும் கொடுமை இல்லையா? நமக்காவது, இன்னாருக்காக அழுகிறேன் என்ற பிடிமானம் உண்டு.

‘எப்படியும் மறந்துடுவார்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எப்படியும் மறந்துடுவார், எதுக்குப் போய்ப் பார்க்கணும்? எப்படியும் மறந்துடுவார், கத்தினால் என்ன? நாம் போய் உட்கார்ந்து சிரித்துப் பேசிய ஒரு மணி நேரம் அவர் ஞாபகத்தில் நிற்காது, உண்மை. அந்த மாலைப் பொழுது முழுக்க அவர் உடம்பில் இருக்கும். கத்தியதும் இருக்கும்.

இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக் கலைஞர். 1985-ல் மூளைக்காய்ச்சல் வந்து, சில விநாடிகளுக்கு மேல் எதுவும் நிற்காமல் போனது. மனைவி அறையை விட்டுப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால், பல வருடம் கழித்துப் பார்ப்பதைப் போல எழுந்து ஓடிவந்து கட்டிக்கொள்வார். கல்யாணமானது அவருக்கு ஞாபகத்தில் இருந்ததா என்பதைவிட, அந்த ஓட்டம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இவ்வளவு சொன்னால், நான் மருமகள் கட்சி என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி ஆமாம். அந்தக் கால்வாசிதான் தொந்தரவு.

எனக்குத் தெரிந்த இன்னொரு வீடு. ஊர் வேண்டாம். அங்கேயும் ஓர்மை தவறிய ஒரு அம்மா. அங்கேயும் இனிக்க இனிக்கப் பொய் சொன்னார்கள். ‘‘ரேஷன் கார்டுக்கும்மா, இங்க ஒரு கைநாட்டு வைங்க.’’ அது வீட்டுப் பத்திரம். அவருக்கும் மனம் நோகவில்லை. சிரித்துக்கொண்டேதான் கட்டைவிரலை நீட்டினார்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் நம் தென் மாவட்டங்களின் ஒரு இருட்டு வருகிறது. தலைக்கூத்தல். படுத்த படுக்கையான முதியவரை விடியற்காலையில் உட்காரவைத்து, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வயிறு முட்ட இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பது. 2010 வாக்கில் விருதுநகர் பக்கத்துச் செய்திகள் பத்திரிகைகளில் வந்து ஊரெல்லாம் பேசியது. தேசிய விருது வாங்கிய ‘பாரம்’ படமும், 2019-ல் வந்த ‘கே.டி (எ) கருப்புதுரை’யும் இதைப் பற்றித்தான். அந்த விடியற்காலையில் அந்தப் பெரியவரிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘சூடு தணியட்டும், நல்லா தூக்கம் வரும்.’ அன்பான குரல்தான். தலையில் எண்ணெய் தேய்க்கிற கையும் வீட்டுக் கைதான்.

ஆக, குரலின் இனிமையை வைத்தோ, கேட்டவர் சிரித்ததை வைத்தோ பொய்யை எடை போட முடியாது. வள்ளுவர் நன்மை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ‘குற்றமில்லாத’ என்று ஒரு பூட்டும் போட்டார். யாருடைய நன்மை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தோணி நாளைக்கு என்பதில் அந்த மருமகளுக்கு ஒரு பைசா லாபமில்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்பது லாபம்தானே என்று நண்பர் மடக்கினார். அது அவ்வளவு குற்றமா என்று நான் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட உட்கார நேரமில்லாத பெண் அவர்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு வழி உண்டு. மன்னார் வளைகுடாவில் 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. பெரியவருக்கு அப்போது பத்தொன்பது வயது. படகில் கயிறு பிடித்தவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக் குளியாள் ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவான். ஒரு நிமிடம், அதற்குச் சற்று மேலே. அவன் கயிறை ஆட்டினதும் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். அசந்தால் ஆள் போச்சு. அதனால் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கயிறைக் கொடுப்பார்களாம். கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்ற கணக்கு. பெரியவரும் தன் அக்கா புருஷனுக்குத்தான் கயிறு பிடித்தார். எல்லாம் மறந்தவர் இதை மட்டும் பிசிறில்லாமல் சொல்கிறார். நான் போன அன்றைக்கே நாலு தரம் சொன்னார்.

ஓர்மை தவறியவர் கயிறை ஆட்ட மாட்டார். மேலே இருப்பவன் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது யார் என்பதில்தான் வழக்கே வருகிறது. மறதி நோயில் விழுந்த முன்னாள் ராணுவ அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் யார் பொறுப்பில் இருப்பது என்று மனைவியும் சகோதரர்களும் 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். பேச்சாலேயே ரயில்களை நிறுத்திய மனிதர், தன்னைப் பற்றிய வழக்கில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். தெளிவாக இருக்கும்போதே, எனக்கு இப்படி ஆனால் இன்னார் முடிவெடுக்கட்டும் என்று எழுதிவைக்க 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் வழி இருக்கிறது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டுச் சொத்தை எழுதிக்கொடுத்த பெற்றோரை ஏமாற்றினால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. அறுபதைத் தொட்டவர்கள் சங்கடப்படாமல் இதை வீட்டில் பேசிவிடுவது நல்லது. நானும் இன்னும் பேசவில்லை.

இனி அந்தப் பங்குனி மாத சாயங்காலம். நண்பர் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இலை அசையாத புழுக்கம். வழக்கம்போலப் பெரியவர் வாசலுக்கு வந்து, காத்து என்ன காத்து என்றிருக்கிறார். அடுப்பில் குழம்பு. மருமகள் உள்ளேயிருந்தே, ‘‘கச்சான், மாமா’’ என்று சத்தம் கொடுத்திருக்கிறார்.

பெரியவர் முற்றத்துக் கொடியைப் பார்த்தார். ‘‘கொடியில துணி ஆடல. நீ கச்சாங்க. என்னைய என்ன பைத்தியக்காரன்னு நெனச்சியளா? எல்லாருமா சேந்து பொய் சொல்லுதியளா?’’

அன்றைக்கும் இட்லி சாப்பிடவில்லை.

தேதி தெரியாது. மகன் பேர் சில நாள் தெரியாது. காற்று தெரிகிறது. நாற்பது வருடக் கடல் மூளையின் எந்த மூலையில் ஒதுங்கி உயிரோடு கிடக்கிறதோ! அவர் முழுசாகப் போய்விட்டார் என்று நாம் முடிவு செய்திருந்தோம், அதுதான் தப்பு. பொய்யில் இருக்கும் நிஜமான ஆபத்து எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், எதிரில் இருப்பவரைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

அந்தப் பெண் அன்று ராத்திரி அழுதாராம். பிறகு நான் போனபோது என்னிடம் இன்னொன்றும் சொன்னார். ‘‘அண்ணாச்சி, நீங்க என்னைய நல்லவன்னு எழுதிராதீங்க. ஒருநா படுக்கையெல்லாம் அசிங்கம் பண்ணி வச்சிருந்தாரு. மூணாவது தடவை. கைய ஓங்கிட்டேன். அடிக்கல. ஆனா, அவரு ரெண்டு கையாலயும் மொகத்த மறைச்சிக்கிட்டாரு. அது எனக்குப் போதும், சாவுற வரைக்கும்.’’

எழுதக் கூடாது என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதுங்க என்றார். இந்த மாதிரி வீட்டில் இருக்கிற மற்ற பொம்பளைகளுக்கு ஆகும் என்றார். ஓர்மை தவறியவரோடு நல்லபடி வாழ்வது எப்படி என்று பேசுகிறவர்கள், அவர் நல்லபடி வாழ்வதைப் பற்றித்தான் பேசுகிறோம். கயிறு பிடிக்கிற கையும் காய்த்துப்போகும். வாரத்தில் ஒரு நாள், அரை நாள், வேறு யாராவது பிடிக்க வேண்டும். மகன் பிடிக்கலாம். பம்பாயில் இருக்கும் மகள் ஒரு மாதம் வந்து பிடிக்கலாம். 1992-ல் கேரளாவில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய அல்சைமர் சங்கம் போன்றவை இப்படிக் குடும்பங்களுக்குத் தோள் கொடுக்கின்றன. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பும் செய்கிறது. தூத்துக்குடிச் சந்துக்கு அதெல்லாம் எட்டவில்லை. என் யோசனையை நண்பர் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா அவர் பொறுப்பு. மனைவி பூசைக்குப் போய்விட்டு அம்மா வீட்டுக்குப் போய் வருகிறார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் காற்றின் பெயர் சொல்வதில்லை. கேட்கிறார். ‘‘நீங்களே பாத்துச் சொல்லுங்க, மாமா.’’ பெரியவர் பார்த்துச் சொல்கிறார். சில நாள் அவரே, இன்னைக்கு வேண்டாம் என்று விடுகிறார். சில நாள், எடுக்கலாம் என்பார். அப்போது ஒரு பழைய தோணிக் கயிறைக் கொடுத்து, இத மட்டும் பின்னிக் கொடுத்துருங்க என்கிறார். பிரி பிரித்துக் கோத்து முடிச்சுப் போட அந்த விரல்களுக்கு இன்னும் தெரிகிறது. இருட்டும்வரை பின்னுவார். மாமியாரைக் கேட்டால், ‘‘அத்தைய நெனச்சியளா? கொழும்புலருந்து அத்தைக்கு என்ன கொண்டாருவீய?’’ என்று கேட்கிறார். சோப்பு, பிளாஸ்டிக் பூ, ஒரு தடவை குடை என்று பெரியவர் அடுக்குவார். இதில் பொய் எங்கே இருக்கிறது? நண்பரே ஒப்புக்கொண்டார்.

ஆனால், ஒரு இடத்தில் அவர் மட்டும் மசியவில்லை. ‘‘எங்க இருக்கான்னு கேட்டா நீ பேச்ச மாத்து. அது தேடுதாரு, சரி. உயிரோட இருக்காளான்னு கேட்டா, அது வேற கேள்வி. அதுக்கு மாத்தக் கூடாது’’ என்றார். மனைவி அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், நாம்தான் பிரித்துப் பார்க்கிறோம் என்றார். இந்த இடத்தில் நான் நண்பர் பக்கம் போய்விட்டேன். தேடுகிறவருக்குத் துணை வேண்டும். கேட்கிறவருக்குப் பதில் வேண்டும். நாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தியாசம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமலும் போகலாம். இந்த விஷயத்தில் அந்த வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

கடைசியாகப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் அப்பாவுக்கு மக்ரூன் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதா கோயில் மணி அடித்தது. பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். கையிலிருந்த கயிறைக் கீழே வைத்துவிட்டு மகனை நேருக்கு நேர் பார்த்தார்.

‘‘ஒங்கம்மா இருக்காளா, இல்லியா?’’

அம்மா வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மருமகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். நண்பர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

‘‘இல்லப்பா.’’

பெரியவர் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். ‘‘அதான... வீட்ல சத்தத்தக் காணுமேன்னு பாத்தேன்’’ என்றார். மிச்சமிருந்த மக்ரூனை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மணி ஐந்தரை ஆகிவிட்டிருந்தது. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

‘‘ஏ தாயி, காத்து என்ன காத்து?’’

‘‘நீங்களே பாத்துச் சொல்லுங்க, மாமா.’’

பெரியவர் கொடியைப் பார்த்தார்.